ஆமெனுக்கு முன்னால் ஆறிப்போன கஞ்சி

எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைப் படிக்கிறவர்களுக்குக் கஞ்சிக்கும் எனக்கும் ஏதோ ஜென்மப் பகை என்று தோன்றிவிடும். கஞ்சி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் அதைக் குடிக்கவிடாமல் குடிக்கச் சொன்னவர் மேல்தான். அவர் என் அப்பா.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நாலு வீடு உள்ளே தள்ளிக் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வருஷமே வயிற்றில் புண் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அவரிடம் மூன்று விஷயம் சொன்னார்: காரம் கூடாது, காப்பி கூடாது, காலையில் எட்டு மணிக்கு எளிய ஆகாரம் வயிற்றில் விழ வேண்டும். டாக்டர் சொன்னது அப்பாவின் வயிற்றுக்கு. அப்பா அதை வீட்டில் உள்ள நான்கு வயிற்றுக்கும் சட்டமாக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி, சட்னி, காப்பி எல்லாம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருகிற விருந்தாளிகள் ஆகிவிட்டன. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கஞ்சி. அம்மா இரவே மாவைக் கரைத்து வைத்து, காலையில் கட்டி தட்டாமல் காய்ச்சி, உப்புப் போட்டு, கிண்ணத்தில் ஊற்றி, மேலே கொஞ்சம் மோர் விடுவார். கூட ஒரு கரண்டி முளைகட்டிய பச்சைப்பயறு, ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த்துருவல் போட்டது. ஆளுக்கு ஒரு பூவன்பழம். சூடாக இருக்கும்போது அந்தக் கஞ்சியில் ஒரு மணம் வரும், மழை விழுந்த மண்ணைப் போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து நிமிஷம் நிதானமாகக் குடித்தால் அந்த நாள் முழுக்க யாரோடும் சண்டை போடத் தோன்றாது. நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்சக் கஞ்சியைச் சுடவைத்துக் குடித்த அனுபவத்தை வைத்து. காலைக் கஞ்சியை நான் அப்படிக் குடித்ததே இல்லை.

ஏனென்றால் கஞ்சிக்கு முன்னால் குடும்ப ஜெபம் இருந்தது.

குடும்ப ஜெபம் முன்பும் இருந்ததுதான். ஆனால் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருக்கே அவசரம் இருந்ததால் அது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் நேரம் கொட்டிக் கிடந்தது. பெருங்களத்தூர் பக்கம் நடந்துவிட்டு வந்து, குளித்து, துவைத்த வேட்டி கட்டி, சரியாக ஏழரைக்கு மேஜையின் தலைப்பக்கம் உட்காருவார். வேதபுத்தகத்தில் ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிக்க வேண்டும். அது முடிந்ததும் எல்லாரும் கண்ணை மூட, அப்பா ஜெபிப்பார். அம்மா அதற்குள் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி வைத்திருப்பார். ஜெபம் முடிந்து அப்பா ஆமென் சொல்லாமல் கிண்ணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்பாவின் ஜெபம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி. ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது. முதலில் நாட்டை ஆளுகிறவர்கள். பிறகு யுத்தம் நடக்கிற தேசங்கள். மழை. சபை, சபையின் ஊழியர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், ஒவ்வொருவரும் எந்த வார்டு என்பது உட்பட. அவரிடம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பிள்ளைகள். எங்கள் தெருக்காரர்கள், அதில் எங்கள் முருங்கை மரத்தை வெட்டச் சொல்லிச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரும் அடக்கம். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், ஊர் வாரியாக. எல்லாம் தீர்ந்த பிறகு எங்கள் வீடு: அம்மா, தம்பி, கடைசியில் நான். இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். பட்டியலின் முன்பாதி என்று சொல்வதுதான் சரி. பின்பாதி வரும்போது என் காது சுவர்க்கடிகாரத்திடம் போய்விடும்.

கஞ்சி அதற்குள் ஆறி, மேலே தோல் மாதிரி ஏடு படிந்திருக்கும். சாப்பிடும்போதும் அவசரப்படக் கூடாது. கஞ்சியைக்கூட மென்று குடிக்க வேண்டும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கஞ்சியை எப்படி மெல்லுவது? அப்பா மென்றார். கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் பேரானந்தமாக மென்றார். உலகத்தில் ஒரு மனிதன் காலை ஆகாரத்தை அவ்வளவு அனுபவித்து நான் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்து பற்றிக்கொண்டு எரிந்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் ரயில் சீசன் டிக்கெட் வைத்திருந்த முதல் பெண் நான்தான். ஆனால் நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அது ஒழுங்காக முடிந்தால் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வரும், முடியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சும்மா பயமுறுத்துகிற பேச்சில்லை அது. என்னோடு ஒரே நாளில் சேர்ந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை இரண்டு வருஷம்கூட முடியவிடாமல் அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தது என் கண்ணிலேயே நின்றது. வேலை போனால் எனக்கு வீடு, அடுப்படி, பெண் பார்க்க வருகிறவர்கள், இவ்வளவுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். மூச்சு மாதிரி வேண்டும்.

ஆபீஸ் பத்து மணிக்கு. பத்து நிமிஷம் சலுகை. மணி பத்து பத்தானதும் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரை சூப்பரின்டெண்டன்ட் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு வந்தால் அவர் முன்னால் நின்று, சிவப்பு மையில் சுழித்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தில் மூன்று சிவப்புச் சுழி விழுந்தால் மற்றவர்களுக்கு ஒரு நாள் லீவு போகும். ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு ரிப்போர்ட்டில் ஏறும். எட்டு நாற்பது வண்டியைப் பிடித்தால் நல்லபடியாகப் போய்ச் சேரலாம். அடுத்தது எட்டு ஐம்பத்தைந்து. அதில் போனால் சிவப்புச் சுழிதான். வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். ஆக எட்டு பத்துக்கு நான் வாசலில் செருப்பு மாட்டியாக வேண்டும்.

அப்பாவின் ஜெபம் நல்ல நாளில் எட்டுக்கு முடியும். அதிகாரம் நீளமாக இருந்தாலோ, சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, எட்டே காலுக்கு. தாம்பரத்தில் யாராவது காய்ச்சலில் விழுந்தால் எனக்குப் பகீரென்றது. ஐயோ பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், நாளைக்கு ஜெபத்தில் இன்னொரு பெயர் என்றுதான் தோன்றியது. என்னை எப்படிப்பட்ட மனுஷியாக ஆக்கிவைத்திருந்தார் பாருங்கள்.

சாப்பிடாமல் ஓடிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருநாள் அதைத்தான் சொன்னேன்.

"நீ சாப்பிடாமப் போனா எனக்குக் கஞ்சி இறங்காது" என்றார் அப்பா. "அப்புறம் புண்ணு திரும்ப வந்தா யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ ஜெபத்தை ஏழு மணிக்கே ஆரம்பிக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"டாக்டர் எட்டு மணிக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கார். ஏழரைக்கு முடிச்சிட்டு அரைமணி நேரம் கஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

எட்டேகாலுக்குச் சாப்பிடுகிற நாளில் டாக்டர் எங்கே போனார் என்று கேட்க நாக்கு துடித்தது. தம்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவன் படித்த கல்லூரி தாம்பரத்திலேயே இருந்தது, வகுப்பு பத்து மணிக்கு. கண்ணை மூடு என்று அப்பா சொன்னவுடன் அவன் உண்மையாகவே தூங்கிவிடுவான். "ராத்திரியெல்லாம் படிச்ச பிள்ளை" என்று அதற்கும் அம்மா ஒரு நியாயம் வைத்திருந்தார்.

அந்த மாதம் பாதி கழிவதற்குள் எனக்கு இரண்டு சிவப்புச் சுழி விழுந்துவிட்டது. இரண்டாவது நாள் சூப்பரின்டெண்டன்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் விபூதி வைத்த, அதட்டிப் பேசாத மனிதர். அதட்டியிருந்தால் தேவலாம்.

"ஏம்மா, தாம்பரம்தானே? வண்டி கிளம்பற இடத்துலேர்ந்து வர்றவங்களுக்கே லேட்டா?"

"வீட்ல ப்ரேயர் முடிய நேரமாயிடுது சார்" என்றேன். வேறு பொய் ஏதும் உடனே வாயில் வரவில்லை.

"நானும் பூஜை பண்ணிட்டுத்தாம்மா வரேன். பத்து நிமிஷம். எங்க சாமி கோவிச்சுக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசம் இன்னொண்ணு விழுந்தா நான் ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். எழுதிட்டா என் கையில ஒண்ணுமில்ல."

அன்று வீட்டுக்குப் போய் முதலில் எடுத்தது வேதபுத்தகத்தைத்தான். பக்தியில் எடுக்கவில்லை. அடையாளத்துக்கு அட்டை வைத்திருந்த இடத்திலிருந்து ஒவ்வோர் அதிகாரமாக விரல் வைத்து, எந்த நாளுக்கு எத்தனை வசனம் என்று மாதக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் சமாளிக்கிற அளவுதான். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்து நின்றது, புத்தகத்திலேயே மிக நீளமான அதிகாரம். நூற்றெழுபத்தாறு வசனம்.

திங்கட்கிழமை மாலை அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். சூப்பரின்டெண்டன்ட் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்னொரு லேட் விழுந்தால் கன்ஃபர்மேஷன் போய்விடும் என்றும், நாளைக்கு அந்தப் பெரிய அதிகாரம் வருகிறது, அதை நாலு நாளாகப் பிரித்து வாசிக்கலாமா என்றும் கெஞ்சினேன்.

"வேதத்தத் துண்டு போட்டா வாசிப்பாங்க?" என்றார்.

"அப்போ நாளைக்கு மட்டும் ஜெபத்தைச் சுருக்கிக்குங்கப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார விடச் சொல்ற? சொல்லு. ஆஸ்பத்திரியில இருக்கறவங்களையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். இஸ்திரிப் பெட்டியை நான் வைத்த வேகத்தில் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மேஜையில் உட்கார்ந்தேன். வாசிப்பு ஆரம்பித்தது. என் முறை வந்தபோதெல்லாம் ரயில் வேகத்தில் வாசித்தேன். அப்பா இரண்டு முறை நிறுத்தி, "அர்த்தம் விளங்கற மாதிரி வாசி" என்றார். தம்பி கொட்டாவிக்கு நடுவே வாசித்தான். அம்மா கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டினார். ஐம்பதாவது வசனத்தில் கிண்ணங்களிலிருந்து ஆவி நின்றது. நூறாவது வசனத்தில் ஏடு படிந்தது. நூற்றெழுபத்தாறு முடிந்தபோது கடிகாரம் எட்டு அடித்தது. அப்பா புத்தகத்தை மூடி, அட்டையைத் தடவிக் கொடுத்து, கண்ணை மூடினார்.

ஆளுகிறவர்கள். யுத்தம். மழை. சபை. ஊழியர்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் நான்கு பேர், நான்கு பேருக்கும் தனித்தனி வியாதி. நான் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாலு. வேலை கிடைக்காத பிள்ளைகள். வேலை இருக்கிற பிள்ளைக்கு அந்த வேலை போகப் போகிறது, அதைப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. தெருக்காரர்கள். முருங்கை மரத்துக்காரர். எட்டு ஆறு. சொந்தக்காரர்கள் ஆரம்பித்து, திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாசரேத் என்று அப்பா ஒவ்வோர் ஊராக இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். அம்மாவின் மூட்டுவலி வந்தது. தம்பியின் பரீட்சை வந்தது. அப்பா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார்.

"ஆமென்" என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சன்னமாகவும் சொல்லவில்லை. தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அம்மா உடனே "ஆமென்" என்றார். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்த தம்பி, தூங்கியதை மறைப்பதற்காக எங்கள் இரண்டு பேரையும்விட உரக்க "ஆமென்!" என்று முழங்கிவிட்டு, பயற்றுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

அவர் ஜெபத்தை அதுவரை யாரும் முடித்துவைத்ததில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஏற்கெனவே மென்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். மூன்று ஆமென் விழுந்த பிறகு உடனே திரும்பவும் கண்ணை மூடச் சொல்ல அவராலும் முடியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஆறின கஞ்சியை ஏட்டோடு சேர்த்து மடக் மடக்கென்று குடித்தேன். மெல்லவில்லை. பயற்றில் ஒரு வாய். பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். "போய்ட்டு வரேன்" என்று சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "இன்னாம்மா, இன்னிக்கும் பேஜாரா? வண்டி இன்னும் நின்னுகினுதான் கீது, ஓடு ஓடு!" என்று குரல் கொடுத்தார். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்ததும் வண்டி நகர்ந்தது. பல்லாவரம் வரை எனக்கு மூச்சு வாங்கியது. மீனம்பாக்கம் தாண்டிய பிறகுதான் பயம் வந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன், நீல மையில். சூப்பரின்டெண்டன்ட் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுவதும் தப்புத் தப்பாக டைப் அடித்தேன். அப்பா சாப்பிட்டிருப்பாரா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாரா என்றே நினைப்பு. நினைக்க நினைக்க மறுபடியும் கோபம். என் வேலையையும் அவர் வயிற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது யார், நானா?

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நேரே அடுப்படிக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார், சாப்பிட்டார். ஆனா நீ போனதும் சாப்பிடலை. தம்பியக் கையக் கழுவ வச்சு, திரும்பக் கண்ண மூடச் சொன்னார். விட்ட எடத்துலேர்ந்து ஜெபத்த முடிச்சிட்டுத்தான் கிண்ணத்தத் தொட்டார்."

"இன்னும் எவ்வளவுதான் பாக்கி இருந்துச்சாம்?"

அம்மா கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பாக்கி இருந்தது நீ மட்டும்தான்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வெட்கமா, அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்காகக் கேட்கப்போன நொடியில் நானே வாயை அடைத்திருக்கிறேன். ஆனால் அந்த வெட்கம் முழுசாக இறங்குவதற்குள் கோபம் குறுக்கே வந்துவிட்டது.

"என்னத்துக்காக ஜெபம் பண்ணார்?"

"எப்பவும் பண்றதுதான். நீ நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேரணும், வேலை நெலைக்கணும்னு. தெனமும்தானே கேக்கறே?"

"நேரத்துக்குப் போறதுக்கு ஜெபம் எதுக்கும்மா? என்ன விட்டாப் போதுமே!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ மாதமாகத் தினமும் அப்பா என் எதிரே உட்கார்ந்து எனக்காகக் கேட்டிருக்கிறார், ஒருநாளும் அது என் காதில் ஏறவில்லை. அதற்கு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

"நீங்க எதுக்கும்மா உடனே ஆமென் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கும் பசிக்காதா?" என்று சொல்லிவிட்டு அம்மா கீரையை அலசப் போனார்.

மறுநாள் காலை மேஜையில் உட்காரவே கூசியது. அதிகாரம் சின்னது, ஆளுக்கு இரண்டு வசனம்தான். அப்பா கண்ணை மூடினார். நான் ஆளுகிறவர்களை எதிர்பார்த்தேன். அவர் என் பெயரைச் சொன்னார். இந்தப் பிள்ளை வழியில் ஆபத்தில்லாமல் போய், நேரத்துக்குச் சேர்ந்து, மேலதிகாரி கண்களில் தயை பெற வேண்டும். வேலை நிலைக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஒரு நாளும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்து, "நீ சாப்பிட்டுக் கிளம்பு. மத்தவங்கள நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஏடு படியாத கஞ்சியை அன்றுதான் முதல்முறை காலையில் குடித்தேன். மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு யுத்தம் நடக்கிற தேசங்களுக்காக வேண்டிக்கொண்டிருக்க, நடுவில் நான் மட்டும் பச்சைப்பயறு மெல்லுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் அத்தனை மாதம் ஏங்கிய சூட்டோடுதான் கஞ்சி இருந்தது. ஆனால் ருசித்தது என்று சொன்னால் பொய். இவ்வளவு லேசாக முடிகிற காரியத்துக்கு என்னை இத்தனை நாள் ரோட்டில் ஓடவிட்டாரே என்ற எரிச்சலில் நாக்கு சுட்டதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு சிவப்புச் சுழிகூட விழவில்லை. ஒரு வருஷம் தினமும் அப்படித்தான்: என் அரை நிமிஷம், என் கஞ்சி, செருப்பு. நான் கிளம்பும்போது அப்பா சபை ஊழியர்களில் இருப்பார். ப்ரொபேஷன் முடிந்து கன்ஃபர்மேஷன் ஆர்டர் கையில் வந்த அன்று சூப்பரின்டெண்டன்ட் எழுந்து நின்று கை கூப்பினார். அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் மடித்து என்னிடமே கொடுத்தார்.

அடுத்த நாள் காலை வாசிப்பு முடிந்து கண்ணை மூடினோம். நான் வலது கையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். அப்பா ஆளுகிறவர்களிலிருந்து ஆரம்பித்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். யுத்தத்துக்குப் போனார், மழைக்குப் போனார். நான் கண்ணைத் திறந்து, "அப்பா" என்றேன்.

அவரும் கண்ணைத் திறந்தார்.

"எனக்கு நேரமாச்சு."

"வேலைதான் பர்மனென்ட் ஆயிடுச்சே" என்றார். தலைமையாசிரியர் குரல் இல்லை அது. "இனிமே மூணு லேட் விழுந்தாலும் ஒரு நாள் லீவுதானே போகும்? ஒரு வருஷமா நீ தனியாச் சாப்பிட்டுப் போற. இன்னிக்கு ஒரு நாள் எங்களோட உக்காந்து சாப்பிடேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. லீவு என்றால் அவருக்கு அவ்வளவு இளப்பமா, ஒரு வருஷம் ஒரு நாள் தவறாமல் நேரத்துக்குப் போய் வாங்கிய நல்ல பெயர் அது, இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கண்ணை மூடியபடியே இருந்தார். தம்பி தூங்கியிருந்தான். கடிகாரத்தில் எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை மடிக்கு எடுத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அன்றைக்கு எனக்கு எட்டு ஐம்பத்தைந்து வண்டிதான் கிடைத்தது.